பாலம் தாண்டியதும் கேட்கும் குரல்

கீழ்க்குப்பம், பழவேற்காடு
21-1-2025

பூவிழிக்கு உன் அண்ணி ஜமுனா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது எனக்கு இரண்டும் இல்லை. போனில் நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். சரி, தபால்காரரை நீ பிளாக் செய்ய முடியாதே. பொன்னேரிக்குப் போகும் மேரியிடம் கொடுத்து இதைப் போடச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் பாடு குலுக்கினார்கள். சென்னைக்குப் போனதும் எல்லாம் மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டுவது என்று சீட்டெடுத்து முடிவு செய்யும் நாள் அது. ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். ஆள் ‘உண்டு’ என்று சொன்னால் சீட்டு குடத்துக்குள் போகும். கடலுக்குப் போய்த் திரும்பாதவன் பேர் வந்தால் வீட்டுக்காரி எழுந்து ‘வருவார்’ என்று சொல்ல வேண்டும். போன வருஷம் உன் அண்ணன் பேரைக் கூப்பிட்டபோது நான் சொன்னேன். இந்த வருஷமும் சொல்லத்தான் தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து பூவரச மரத்தடியில் நின்றது. அரைக்கால் சட்டை போட்ட ஆள் ஒருவர், அவர் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தலைவர் கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாமே இது, நம்ம பூவிழி கொரலு மாரி கீதே” என்றாள் குப்பம்மாள். நீதான். ‘காரை இங்கே நிறுத்திவிட்டு வடக்கே பாருங்கள்’ என்றாய். அவர்கள் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். ‘அதோ தெரியும் முகத்துவாரத்தில்தான் என் அண்ணன் வேலு புயலில் சிக்கி உயிரை விட்டார்’ என்றாய்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? நீயே சொல்.

கோதண்டம் கையில் இருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டார். அது உன் அண்ணன் சீட்டு. “கூடப் பொறந்தவ வாயால வந்துட்ச்சிம்மா. அம்மன் எதிர்லயே வந்துட்ச்சி. இனிமே இத்த எப்டி கொடத்துல போட்றது?” என்றார். அது மெஷின் பேசுகிறது, ஆள் பேசவில்லை என்று நான் கத்தினேன். “மெஷினா இருந்தா இன்னா, கொரலு அவுளுதுதான?” என்று கேட்டார். கூடப்பிறந்தவர்கள் அம்மன் எதிரில் வாய் திறந்து சொன்னால்தான் காணாமல் போனவன் பேரை எடுக்க முடியும் என்பது ஊர்க்கட்டு. அதை இத்தனை நாளாக நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு காரில் ஏறி வந்து அறுத்துவிட்டுப் போய்விட்டாய்.

நான் போட்ட சத்தத்தில் குலுக்கல் பாதியில் நின்றது. மாசி மகத்துக்கு முன்னால் மறுபடி குலுக்குவார்கள். அதற்குள் அந்தப் பேச்சை எடு. நேரில் வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுப் போ. உன் அண்ணன் உயிரை எடுக்க உனக்கு எவன் உரிமை கொடுத்தான்?

ஜமுனா


சென்னை
30-1-2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேச முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கடைசியாகப் போனில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதை நான் இங்கே எழுதினால் தபால்காரர் வேலையை விட்டுவிடுவார். அதனால்தான் பிளாக் செய்தேன்.

அந்த ஊர்க்கட்டு எனக்கும் தெரியும். நானும் அந்தக் குப்பத்தில் பிறந்தவள்தான், நீங்கள் ஆரம்பாக்கத்திலிருந்து வாழ வந்தவர். ஆனால் அது கார் ஸ்பீக்கருக்கும் செல்லும் என்று எவனுக்குத் தோன்றும்? கோதண்டம் மாமா ஆகட்டும், நீங்கள் ஆகட்டும், பதிவு செய்த குரலுக்கும் வாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் சண்டை போட்டால் அதற்கு நான் என்ன செய்வது?

என்ன வேலை செய்கிறாள் என்றுகூட நீங்கள் இதுவரை கேட்டதில்லை. நானே சொல்கிறேன். வழிகாட்டி இல்லாமல் சொந்தக் காரில் ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு சின்னக் கம்பெனி இதைச் செய்திருக்கிறது. போனில் போட்டுக்கொண்டு ஆரம்பாக்கத்தில் கிளம்ப வேண்டும். கார் எந்த இடத்துக்கு வருகிறதோ அந்த இடத்தைப் பற்றி அது தானாகப் பேசும். எழுதியது நான், பேசியது நான். கடைசி நிறுத்தத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு என்றார்கள். நான் அண்ணனைப் பற்றிப் பேசினேன்.

ஏன் தெரியுமா? எனக்கு வேறு இடம் நீங்கள் வைக்கவில்லை. புயல் அடித்து, படகு மட்டும் கவிழ்ந்து கரைக்கு வந்து, ஒரு வருஷம் முடிந்த அன்று மாலையோடு வந்தேன். படம் இல்லை, விளக்கு இல்லை, காரியம் இல்லை. கொடியில் அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தீர்கள். என் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு, “இங்க யாரும் சாவல, நீ கெளம்பு” என்றீர்கள். ஒரே ஒரு அண்ணன் எனக்கு. அவனுக்காக அழக்கூட உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

அந்தக் காரில் வந்தவர்கள் யாரோ எவரோ. ஆனால் அவர்கள் இறங்கி நின்று அவன் போன திசையைப் பார்த்தார்கள் இல்லையா? நம் சொந்தத்தில் எவரும் அதைச் செய்யவில்லை.

எடுக்க மாட்டேன். நேரிலும் வர மாட்டேன். முழுசாகக் கேட்காமலே சண்டைக்கு வருகிறீர்கள். முதலில் ஆரம்பாக்கத்திலிருந்து கடைசி வரை கேளுங்கள். பிறகு எது பொய் என்று எழுதுங்கள்.

பூவிழி


கீழ்க்குப்பம்
11-2-2025

பூவிழிக்கு,

கேட்டேன். நீ சவால் விட்டால் நான் பயந்துவிடுவேனா? பொன்னேரியில் டாக்சி ஓட்டும் பிரசாந்த் ஆரம்பாக்கத்துக்கு ஒரு சவாரி விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறான் என்று தெரிந்தது. அங்கே என் அம்மா வீட்டில் இருந்தவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவன் போனில் உன்னைப் போட்டான்.

ஆரம்பித்ததுமே, ‘இடதுபுறம் விரிந்து கிடக்கும் நீலத்தைப் பாருங்கள்’ என்றாய். பார்த்தேன். தண்ணீர் வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தது. செத்த மீன் நாற்றம் அடித்து பிரசாந்த் கண்ணாடியை ஏற்றினான். நீ நீலம் நீலம் என்று பேசிக்கொண்டே இருந்தாய். எளாவூர் செக்போஸ்ட் வந்ததும், இங்கே இரண்டு மாநிலங்கள் கைகுலுக்கிக்கொள்கின்றன என்றாய். கைகுலுக்கினதை நான் பார்க்கவில்லை. லாரிக்காரர் ஒருவர் இறங்கித் தெலுங்கில் இன்னொருவரின் குடும்பத்தையே திட்டிக்கொண்டிருந்தார்.

பூநாரைகள் நடனமாடுகின்றன என்கிறாய். அடியே, அது காலால் சேற்றைக் கிளறிப் புழு பூச்சி தின்கிறது. அதற்குப் பேர் சாப்பாடு.

பொன்னேரி கடைத்தெருவில் வண்டி நகரவே இல்லை, நீயும் வாயை மூடிக்கொண்டாய். அந்த ஒரு இடம்தான் எனக்குப் பிடித்தது. அப்புறம் பழவேற்காட்டுக்கு முன்னால், ஏரிக்குள் பெண்கள் விளையாட்டைப் போல உட்கார்ந்து இறால் பிடிக்கும் அழகைக் காணுங்கள் என்று ஆரம்பித்தாய். விளையாட்டா? மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு அவர்கள் படுகிற பாடு உனக்கு விளையாட்டா? காரில் வருகிறவன் போட்டோ எடுத்தால் வாய் திறந்து திட்டக்கூட அவர்களால் முடியாது. திட்டினால் கூடை தண்ணீரோடு போய்விடும். உன் அழகைக் கேட்டு அன்று மட்டும் மூன்று கார்கள் அங்கே நின்றுகொண்டிருந்தன.

நம் குப்பத்துக்கு வரும் பாலம் தாண்டினோம். பேச ஆரம்பித்தாய்.

பொய் எது என்று கேட்டாய். எழுதிக்கொள். அன்று காலையில் அவர் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை. கணவாய். நான்தான் வைத்தேன், எனக்குத் தெரியாதா? காற்று ஏறுவது தெரிந்தும் வலையை எடுத்து வரப் போனார் என்கிறாய். அவர் போனபோது காற்றே இல்லை. கரையேறும்போது ‘பூவி, ஒலையில தண்ணி வையி’ என்று கூப்பிட்டுக்கொண்டே வருவார் என்கிறாய். அது நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது. எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ‘ஜமுனா’ என்றுதான் கூப்பிட்டார். அந்தத் தெருவே கேட்கும்.

அதோடு, உயிரை விட்டார் என்ற வார்த்தை. நீ பார்த்தாயா? நான் பார்த்தேனா? யார் பார்த்தார்கள்?

நான் எல்லாம் கேட்டாகிவிட்டது. என் பேச்சில் மாற்றம் இல்லை. எடுத்துவிடு.

ஜமுனா


சென்னை
19-2-2025

அண்ணிக்கு,

கணவாயா நண்டா என்பதா இப்போது வழக்கு?

இறால் பிடிக்கிற பெண்களைப் பற்றி எழுதியதில் நியாயம் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி கம்பெனியில் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதால் மாற்றினேன் என்று நினைக்க வேண்டாம்.

பிரசாந்த் எனக்குப் போன் செய்தான். அவனும் நானும் பொன்னேரி காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள், உங்களுக்குத் தெரியாது. அது ஒருமுறை பேசி முடித்தால் அதே இடத்தில் நின்றுகொண்டு மறுபடி கேட்க முடியாது. வண்டி அந்த இடத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் மறுபடி பேசும். நீங்கள் அவனைத் திரும்பப் பாலம் தாண்டிப் போகச் சொன்னீர்களாம். திரும்பி வந்தீர்களாம். அப்புறம் மறுபடியும் போகச் சொன்னீர்களாம். “அக்கா இன்னாத்துக்கு இப்டி பாலத்து மேல ஊஞ்சல் ஆட்றாங்கன்னே புர்ல பூவிழி, மூஞ்ச வேற அந்தாண்ட திருப்பிக்கினாங்க” என்றான். பொய் எது என்று குறித்துக்கொள்ளத்தான் அத்தனை முறை போனீர்களா?

என்னிடம் மட்டும் முறைப்பு. பரவாயில்லை.

உங்களோடு சண்டை போட்டுக் களைத்துவிட்டேன். கடைசி நிறுத்தத்தை முழுசாக எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை மட்டும் எடுங்கள் என்று கேட்டீர்கள், நான் அண்ணனையே எடுத்துவிட்டேன். இனிமேல் பாலம் தாண்டினால் சத்தம் இருக்காது. கோதண்டம் மாமாவுக்கும் போன் செய்து, அது சீட்டுக்காகச் சொன்னது இல்லை, கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மன் எதிரில் வந்து நின்று அண்ணன் இருக்கிறான் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அவன் இல்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

குடத்தில் சீட்டைப் போட்டுச் சந்தோஷமாக இருங்கள்.

பூவிழி


கீழ்க்குப்பம்
16-3-2025

பூவிழிக்கு,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மாசி மகத்துக்கு முன்னால் பாடு குலுக்கினார்கள். கோதண்டம் உன் அண்ணன் பேரைக் கூப்பிட்டார். நான் எழுந்து ‘வருவார்’ என்று சொன்னேன். சீட்டு குடத்துக்குள் போனது. நான் ஜெயித்தேன். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன், அந்த மூஞ்சியில் கரியைப் பூசினேன் என்று.

போன வருஷம் அவருக்கு விழுந்தது மணல் மேடு. யாருக்கும் வேண்டாத இடம், அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. இந்த வருஷம் முகத்துவாரத்து வாய் விழுந்தது, அதுவும் முதல் ஆளாக வலை கட்டும் முறை. குப்பத்திலேயே நல்ல இடம். சீட்டைப் பிரித்துப் படித்ததும் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவனுடைய முறை நாளில் அவன் வலை கட்ட வேண்டும், இல்லை என்றால் அவன் வாயால் யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். வேறு யாரும் அந்தத் தண்ணீரில் கை வைக்க மாட்டார்கள். கட்டு அப்படி.

அவர் முறை வந்த அன்று காலையில் நான் கரைக்குப் போனேன். மகத்துக்கு அம்மனைத் தீர்த்தமாட்டக் கொண்டுவந்த இடத்தில் காய்ந்த பூ கிடந்தது. நீர் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. இறால் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது, மழைத்துளி விழுகிற மாதிரி. அந்த மாதிரி இறாலை நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை. படகெல்லாம் தள்ளி நின்றது. பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பணம் கட்டி, வீட்டில் செலவு கழுத்தை நெரிக்கிற சமயம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. கோதண்டம் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தலை நிமிரவில்லை. எனக்குத் திட்டு வாங்கினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நீர் வற்றி இறால் எல்லாம் கடலுக்குப் போகிற வரைக்கும் நான் நின்றேன். அவர் வரவில்லை. வருவார் என்று நான் அத்தனை பேர் முன்னால் சத்தியம் பண்ணியிருக்கிறேன், அவர் வரவில்லை.

மறுநாள் பிரசாந்தைக் கூப்பிட்டுக் காரில் பாலம் தாண்டினேன். நீ எடுத்தாயா, சும்மா சொன்னாயா என்று பார்க்கத்தான். உன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இறால் பிடிக்கிற பெண்களோடு முடித்துக்கொண்டாய். பாலத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. வண்டி ஓடுகிற சத்தம் மட்டும். பிரசாந்த் ஏசியைக் கூட்டினான், குறைத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குப்பத்தில் அவர் பேரை யாரும் சொல்வதில்லை. என் முன்னால் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன் என்று பயம். இருந்தார் என்று சொன்னால் கோபப்படுவேன், இருக்கிறார் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அதனால் பேச்சையே விட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை குடத்தின் முன்னால் கூப்பிடுவதோடு சரி. மற்ற நாளில் உன் குரல் ஒன்றுதான் வேலு, வேலு என்று சொல்லிக்கொண்டிருந்தது, கணவாய்க்கு நண்டு என்று தப்பும் தவறுமாக. அதையும் நான் எடுக்க வைத்துவிட்டேன்.

கோதண்டத்திடம் போய், பேரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். “நீ சொல்லி செல்லாதும்மா. கட்டிக்கினவ சொல்றது கணக்குல வராது. கூடப் பொறந்தவதான் சொல்லணும்” என்றார்.

எனக்கு உன்னைப் பிடிக்காது. என்றைக்கும் பிடித்ததில்லை, மறைக்கப் போவதும் இல்லை. கல்யாணமான முதல் வாரத்தில் என் குழம்பில் உப்பில்லை என்று உன் நைனாவிடம் சொன்னவள் நீ. ஆனாலும் வந்து சொல்லிவிட்டுப் போ.

ஜமுனா


சென்னை
27-3-2025

அண்ணிக்கு,

வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஆரம்பாக்கத்தில் ஆரம்பித்து, நான் பேசியதை நானே கேட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் கடிதம் பக்கத்து சீட்டில் இருந்தது. நீலம் என்ற இடத்தில் வெட்கமாக இருந்தது. பாலம் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கிருந்து அம்மன் கோயில் கொடிமரம் தெரிகிறது.

காரை நிறுத்திவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். பதிவு அறையில் பத்துத் தடவை சொன்ன வாக்கியம்தான். சத்தம் எதிரொலிக்காத அறை, காதில் ஹெட்போன், கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு ஆள். ‘கொஞ்சம் மெதுவாக, மேடம்’ என்றார், மெதுவாகச் சொன்னேன். அப்போது வந்தது. பாலத்தின் மேல் வரவில்லை. ‘என் அண்ணன் வேலு’ வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் நாக்கு எழவில்லை. பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

கோழை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். ஊரே பார்க்க எழுந்து நின்று ‘வருவார்’ என்று எப்படிச் சொன்னீர்கள் என்று உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நின்றால்தான் தெரிகிறது. கூடப்பிறந்தவள்தான் சொல்ல வேண்டும் என்று கட்டு வைத்தவன் யாரோ, அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது.

உப்பு இல்லை என்று சொன்னது உண்மைதான். அன்றைக்கு உப்பு இல்லைதான்.

என்னால் முடியாது, அண்ணி. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

பூவிழி


கீழ்க்குப்பம்
2-4-2025

பூவிழிக்கு,

பாலம் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போயிருக்கிறாய். உனக்கு ரோஷம் ஜாஸ்தி. குப்பம்மாள் உன்னைப் பார்த்தாளாம், “அது நம்ம பூவிழிதாம்மா, வண்டிக்குள்ள உக்காந்து தனியா பேசிக்கினு இருந்துச்சி” என்று அன்றே வந்து சொல்லிவிட்டாள். உன் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

கோதண்டத்திடம் கேட்டேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சாயத்தார் எல்லோரையும் உட்கார வைத்து, அவள் வாய் திறக்க வேண்டும் என்றுதானே கட்டு, கடைசி வரைக்கும் அவளேதான் சொல்ல வேண்டும் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பஞ்சாயத்தில் இருக்கும் மணிகண்டன், இதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை என்றான். இப்போது கேட்கிறேன் என்றேன். கடைசியில் கோதண்டம், “சரிம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு சொல்லுங்க” என்றார்.

பங்குனி உத்திரத்தன்று காலையில் கோயில் முன்னால் கூடுகிறார்கள். வா. இதனால் நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. காரியம் முடிந்ததும் நீ உன் வழி, நான் என் வழி.

உன் பக்கத்தில் நான் நிற்கிறேன். ‘என் அண்ணன் வேலு’ என்கிற வரைக்கும் நீ சொல். மீதியை நான் சொல்கிறேன்.

ஜமுனா